கருங்காலிப் பெயர் பூண்ட பேனை

பேனை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் முதலில் நிறத்தைப் பார்க்கின்றனர்; பின்னர் விலையைக் கேட்கின்றனர். சற்று விவரமறிந்தோர் நிப்பைக் கண்ணருகே பிடித்து அதன் நுனியை நோக்குகின்றனர். பேனையின் உடல் எப்பொருளால் ஆனது என்று வினவுவோர் மிகச் சிலர். எழுதுங்காலத்து விரல்களிற் படுவது நிப்பன்று, உடலே. ஆயினும் அதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊற்றுப்பேனை என ஒன்று கடைத்தெருவுக்கு வந்த காலந்தொட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வரை உலகத்துப் பேனைகளிற் பெரும்பாலானவை ஒரே பொருளாலேயே கடைந்தெடுக்கப்பட்டன. அப்பொருளே எபனைற்று. இவ்வாரம் அதனைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இப்பெயர் புதியதன்று. ஆய்வுகூடத்து அலுமாரியிலே கண்ணாடிக் கோலுக்குப் பக்கத்தில் கரிய கோலொன்று கிடக்கும். அதனைக் கம்பளித் துணியிலே தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் மேற் பிடித்தால் அவை தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். பட்டிலே தேய்த்த கண்ணாடிக்கு நேரேற்றம், கம்பளியிலே தேய்த்த எபனைற்றுக்கு மறையேற்றம் என்று பரீட்சைக்காக மனனஞ் செய்த மாணவர் எத்தனையோ பேர். அந்தக் கோலும், தம் பாட்டனாரின் சட்டைப்பையிலே கொழுவியிருந்த பேனையும் ஒரே சாதி என்பதை அவருட் பலர் அறியார்.

எபொனி என்று ஆங்கிலத்தார் சொல்வது கருங்காலி மரத்தை. நம் வன்னிக் காடுகள் போன்ற வறண்ட நிலத்துக் காடுகளிலே வளர்வது. நடுவிலே உள்ள வைரம் மைபோற் கறுத்திருப்பது. இன்று சட்டத்தாற் காக்கப்படுவது. அதன் கருமையும் பளபளப்பும் உடைய செயற்கைப் பொருளொன்றைக் கண்டபோது மேனாட்டார் எபனைற்று என்று பெயரிட்டனர். பெயர் மரத்தினுடையது, பிறப்போ இன்னொரு மரத்தின் பாலிலிருந்து. இறப்பர்ப்பாலே அதன் மூலம்.

இறப்பரை ஐரோப்பியர் அறிந்து நெடுங்காலம் அதனாற் பெரும் பயன் கண்டாரில்லை. பென்சிற் கோட்டை அழிக்க அது உதவும் என்பதை யோசேப்பு பிரீஸ்ற்லி 1770இல் எழுதிவைத்தார். ஆனால் வெயிலிலே பிசுபிசுத்து, குளிரிலே விறைத்து வெடிக்கும் ஒரு பொருளைக்கொண்டு வேறென்ன செய்வது? சாள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839இல் இறப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் எனக் கண்டார். இங்கிலாந்திலே தோமஸ் ஹான்கொக் என்பவரும் அதே வழியிற் சென்றார். உரோமரின் நெருப்புத் தெய்வமாகிய வல்கனின் பெயரால் அம்முறைக்கு வல்கனைசுப்படுத்தல் எனப் பெயர் வந்தது. குட்இயர் 1860இல் கடனாளியாகவே இறந்தார். இன்று நம் தெருக்களில் ஓடும் சில வாகனங்களின் சில்லுகளிலே அவர் பெயர் பொறித்திருக்கக் காண்கிறோம். அந்தக் கம்பனி 1898இல் வேறு சிலரால் அவர் நினைவாகப் பெயரிட்டுத் தொடங்கப்பட்டது. அவர் குடும்பத்துக்கு அதிற் காசொன்றும் இல்லை.

இறப்பரிற் கந்தகம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்ந்தால் அது இழுபடும் இறப்பராய் நிற்கும். நூற்றுக்கு முப்பது பங்கு அளவிற் சேர்த்துப் பல மணிநேரம் சூட்டிலே வைத்தால் இழுபடுந் தன்மை முற்றும் ஒழிந்து, மரமும் அல்லாமற் கொம்பும் அல்லாமற் கல்லும் அல்லாமல் ஒரு திண்ணிய பொருளாகிவிடும். சாள்ஸின் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டு இலண்டனிற் பளிங்கு மாளிகையில் நடந்த பெருங் கண்காட்சியிலே இவ்வன்மையான இறப்பராற் செய்த தளபாடங்களை அடுக்கிக் காட்டினார்கள். பின்னர் சீப்பு, பொய்ப்பல் தாங்கும் தட்டு, புகைக்குழாயின் வாய்ப்பகுதி, கிளாரினெற்று வாத்தியத்தின் ஊதுவாய், மின்கலப் பெட்டி எனப் பலவும் அதனாலாயின. பேனை அவ்வரிசையிற் பிந்தி வந்தது.

நம் நாட்டுக்கு இக்கதையில் ஓர் இடமுண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திலே முளைக்க வைக்கப்பட்டு, அவற்றின் நாற்றுக்களிற் பெரும்பங்கு அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்திலே அவை நடப்பட்டன. அதன்பின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிற் பெருந்தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் எழுந்து கத்தியோடு மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிச் சிரட்டையிலே ஏந்திய தொழிலாளருள் நம் தமிழ் மக்கள் எத்தனையோ ஆயிரவர். அவர்கள் வெட்டிய பாலிலே எவ்வளவு பேனையாகியது என்று கணக்கிட எவராலும் இயலாது. ஆயினும் பழைய எபனைற்றுப் பேனையொன்றைக் கையிலெடுக்கும்போது, இது முற்றிலும் பிறநாட்டுப் பொருள் என்று நான் ஒதுக்கிவிடுவதில்லை.

பேனைக்கு இப்பொருள் ஏன் பொருந்திற்று என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அக்காலத்து மை கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் இரும்புப்புமாய்க் கூட்டிய அமிலச் சார்புடைய மை. உலோகத்தை அது அரித்துவிடும், மரத்திலே ஊறிவிடும். எபனைற்று அதற்கு அசையாது. கடைசல் இயந்திரத்திலே பிடித்துக் கடைந்தால் நீண்ட சுருளாகச் சீவி வரும். நுண்ணிய புரி வெட்டலாம். நீர் தோய்த்த மென்மையான அரத்தாளாலே தேய்த்துப் பின் துணியால் மினுக்கினால் கருங்காலி வைரம்போல் ஒளிரும். வெப்பத்தை எளிதிற் கடத்தாது. இந்த ஒரு குணமே மை கசிதலைக் குறைக்கும். அதைப் பின்னர் சொல்வேன். லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884இல் நியூயோர்க்கிலே உரிமைப் பத்திரம் பெற்று விற்ற பேனைகள் எபனைற்றாலானவையே. 1921இல் பார்க்கர் கம்பனி டியூவோபோல்ட் என்னும் பெரிய பேனையை விற்கத் தொடங்கியபோது அதுவும் எபனைற்றே. ஆனால் கருமை போய்ச் செங்கல்லை ஒத்த சிவப்பாய் வந்தது. அந்நிறம் சாதிலிங்கம் கலந்ததால் வந்தது.

அதுவே ஏறத்தாழ அதன் கடைசிப் பெருமை. 1924இல் ஷேபர் கம்பனி செலுலோயிட் என்னும் பொருளாற் பேனை செய்தது. பச்சை, நீலம், முத்து வெண்மை என்று எந்த நிறத்தையும் அது ஏற்கும். எபனைற்றோ கருமை, சிவப்பு, இவ்விரண்டும் கலந்த மரவரி ஆகியவற்றைத் தாண்டி அதிக தூரம் போக இயலாதது; அன்றியும் வெயிலும் ஈரமும் பட்டால் நிறம் மாறுவது. இரண்டாண்டு கழித்து 1926இல் பார்க்கரும் மாறியது. அதன்பின் அச்சிலே வார்க்கும் பிளாஸ்ரிக் வந்தது. ஒரு தொழிலாளி அரைமணிநேரம் கடைந்து செய்வதை இயந்திரம் நொடியில் வார்த்துத் தள்ளும்போது எபனைற்று எப்படி எதிர்நிற்கும்? உடல் பிளாஸ்ரிக்காய் மாறிய பின்னும், நிப்புக்கு அடியிலே மையைக் கொண்டுவரும் கரிய நாக்கு மட்டும் பலகாலம் எபனைற்றாகவே இருந்தது. நல்ல பேனைகள் சிலவற்றில் இன்றும் அவ்வாறே. காரணம், பிளாஸ்ரிக்கிலே நீர் முத்துமுத்தாய் உருளும். எபனைற்றிலோ படர்ந்து நனையும். நாக்கு நனைந்தால்தான் மை தடையின்றி வரும்.

யப்பானியர் இதற்கு வேறொரு வழி கண்டனர். பைலற் கம்பனியார் எபனைற்றின் மினுக்கம் மங்குவதைக் கண்டு, 1925ஆம் ஆண்டளவில் அதன்மேல் மரப்பாலினால் ஆன அரக்குப் பூச்சைப் பூசினர். கிண்ணங்களுக்கும் பெட்டிகளுக்கும் பூசிய தொன்மையான பூச்சு அது. எபனைற்றை அது நன்கு பற்றிக்கொள்ளும். ஒளியையும் ஈரத்தையும் தடுத்துவிடும். பொற்பொடி தூவி மலரும் பறவையும் தீட்டிய அப்பேனைகள் இன்று அரும்பொருளாய் விற்கின்றன. அழகென்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை எழுதவா வாங்குவது, பூட்டிவைக்கவா என்ற கேள்வி எனக்கு எப்போதும் எழுவதுண்டு.

மேனாட்டார் கைவிட்ட தொழிலை விடாது பிடித்துக்கொண்டவர்களுள் முதன்மையானோர் தென்னிந்தியத்துக் கடைசற்காரர். கோதாவரிக் கரையிலுள்ள இராஜமுந்திரியிலே கே. வி. இரத்தினம் என்பவர் சுதேசிப் பேனை செய்யும் தொழிலை 1930களின் தொடக்கத்திலே ஆரம்பித்தார். அவர் செய்த பேனையொன்று கிராமக் கைத்தொழிற் சங்கத்தைச் சேர்ந்த குமரப்பாவின் வழியாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. அடிகள் அதனால் எழுதிப் பார்த்து, கடையிற் கிடைக்கும் பிறநாட்டுப் பேனைகளுக்கு இது நல்ல மாற்று என்ற கருத்துப்பட 1935இல் நன்றிக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டறை இன்றும் அவர் குடும்பத்தார் கையில் உள்ளது. தமிழ்நாட்டிலே திருவள்ளூரில் ரங்கா என்ற பெயராற் பேனை கடைவோரும், சென்னையிலே காமா என்ற பெயரில் விற்கும் பழைய கடையாரும் எபனைற்றையே நம்பி வாழ்கின்றனர். அச்சு இல்லை, வார்ப்பு இல்லை. நீண்ட கோலை அறுத்து, உட்குடைந்து, புரி வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே கடைகின்றனர். ஆதலால் ஒரே வகைப் பேனை இரண்டை அடுத்தடுத்து வைத்தாலும் நூலிழை அளவு வேறுபாடு இருக்கும். ஒன்றின் மூடி மற்றதற்குச் சரியாய்ப் பொருந்தாமலும் போகும். இதனைக் குறையென்பார் உளர். என் எண்ணம் அதுவன்று. மூடியை மாற்றிப் போடாதிருந்தாற் போயிற்று.

இனி, வாங்குவது எப்படி என்று பார்ப்போம். சென்னைக்குப் போய்வரும் உறவினரிடம் சொல்லிவிட்டாற் கிடைக்கும் பொருள்தான். ஆனால் எதைச் சொல்வது என்று தெரிந்து சொல்லவேண்டும்.

முதலில் பருமன். எபனைற்றுப் பேனை கனமற்றது. ஆகையால் கைக்கு அடங்கிய பருமனுள்ள பேனையைத் தயங்காது எடுக்கலாம். மெல்லிய பேனையை நெருக்கிப் பிடித்து எழுதும் மாணவனுக்கு ஒரு மணிநேரத்தில் விரல் வலிக்கும். சற்றுத் தடித்ததைப் பிடித்தால் கை தானே தளரும். ஆனால் சாதாரண விரலுக்குப் பொருந்தாத உருட்டுக்கட்டை போன்ற பேனைகளையும் இப்போது செய்கின்றனர். அவை மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு நன்று. விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியிலே மூடிக்குரிய புரி எங்கே அமைந்திருக்கிறது என்பதையும் தடவிப் பார்க்கவேண்டும். அது கூர்மையாய் விரலைக் கிள்ளுமானால், எவ்வளவு அழகிய பேனையாயினும் வேண்டாம் என்று வைத்துவிடுக.

அடுத்து, இது மெய்யான எபனைற்றா என்ற ஐயம். கடைக்காரரின் சொல்லைவிட மூக்கு நம்பத்தக்கது. பெருவிரலால் உடலை விரைந்து தேய்த்து உடனே மோந்து பார்த்தால், தீக்குச்சி அணைந்தபின் வருவது போன்ற மெல்லிய கந்தக வாடை வரும். பிளாஸ்ரிக்கில் அது வராது. கையிற் பிடித்தாலும் வேறுபாடு தெரியும். காலைக் குளிரிலே உலோகப் பேனை விரலைச் சில்லிட வைக்கும், எபனைற்று அவ்வாறு செய்யாது.

மினுக்கியதா, மினுக்காததா என்பது அவரவர் விருப்பம். நான் மினுக்காததையே விரும்புவேன். வியர்வையுள்ள கையிலே வழுக்காது. சில ஆண்டுகள் எழுதிய பின் விரல் படும் இடம் மட்டும் தானாகவே பளபளக்கும். அம்மினுக்கம் எந்தப் பட்டறையிலும் கிடைப்பதன்று.

நிப்பு விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஏற்ற, அழுத்தினால் விரியும் நிப்பு நம் எழுத்துக்கு அத்துணை பொருந்தாது. தமிழெழுத்து வளைவும் சுழியும் நிறைந்தது. ‘ண’கரத்தின் சுழிகளை அகன்ற நிப்பால் எழுதினால் மை நிறைந்து மூன்றும் இரண்டாய்த் தோன்றும். நேர்த்தியான மெல்லிய நிப்போ, அதற்கு ஒருபடி தடித்ததோ போதும். விரியாத, சற்று விறைப்பான நிப்பே மாணவர்க்கு நன்று. பொன் நிப்பு வேண்டுமென்று ஏங்கவேண்டியதில்லை. இன்றைய உருக்கு நிப்புகள் துருவேறாதவை, நன்றாக எழுதுவன.

மை நிரப்பும் முறையிலே தென்னிந்தியப் பேனைகள் பலவும் பழைய வழியினவே. கழுத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுக்குழாயால் உடலுக்குள் நேரே மையை விடவேண்டும். இரண்டு மூன்று மில்லிலீற்றர் கொள்ளும். கடையில் விற்கும் சிறு மைக்குழல் ஒன்றிலே ஒரு மில்லிலீற்றரும் இல்லை. ஒருமுறை நிரப்பினால் மாணவனுக்கு வாரக்கணக்கில் வரும். ஆனால் இதிலே ஒரு வில்லங்கம் உண்டு. மை கால்வாசிக்குக் குறையும்போது மீதி இடத்திலே காற்று இருக்கும். கைச்சூட்டினால் அக்காற்று விரிந்து மையைத் தள்ள, நிப்பிலிருந்து ஒரு பெருந்துளி கொப்பியில் விழும். உலோக உடலானால் சூடு விரைந்து உட்செல்லும். எபனைற்றானால் மெல்லவே செல்லும். முற்றிலும் தடுக்காது, குறைக்கும். மை குறையுமுன் நிரப்பிவிடுவதே உறுதியான வழி. கழுத்துப் புரியிலே சிறிது சிலிக்கன் மசகு தடவினாற் கசிவும் நிற்கும். வசலின் தடவுவோர் உளர். உள்ளே இறப்பர் வளையம் இருந்தால் அது ஊதிக் கெட்டுவிடும், வேண்டாம்.

பரீட்சை எழுதப் போகும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் எந்தப் புதுப்பேனைக்கும் மாறாதீர்கள், எவ்வளவு நல்லதாயினும். கைக்கும் பேனைக்கும் பழக்கம் ஏற்படச் சில மாதம் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின் வாங்கி, உயர்தர வகுப்பின் முதல் நாளிலிருந்து எழுதத் தொடங்கலாம்.

பழைய பேனைகளைப் பற்றி எழுதுமாறு என்னிடம் படித்த ஒரு பிள்ளை கேட்டிருந்தார். இப்போது வன்னியில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருக்கின்றார். அவருடைய அம்மப்பா தபாலதிபராக இருந்தவர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றுகளும் சுற்றிய துணிக்குள்ளே அவர் தம் பேனையையும் வைத்து எடுத்துச் சென்றார். அதன்பின் பல இடங்களில் இருந்து, மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். பெட்டியைத் திறந்தபோது பேனை இருந்தது. ஆனால் கருமை போய்க் காய்ந்த வேப்பம்பட்டையின் நிறமாகிவிட்டிருந்தது. உடலிலே அலைபோன்ற நுண்கோடுகளும், சிறியதாய்ப் பொறித்த அவர் பெயரின் முதலெழுத்துக்களும் மட்டும் தெரிந்தன. பக்கத்திலுள்ள மைநிரப்பும் நெம்பை அசைத்தால் அசையவில்லை.

பிள்ளை அதனை ஒரு பட்டணத்துத் திருத்துநரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, “இதை மினுக்கிப் புதுசு போலக் கறுப்பாக்கித் தரலாம், நிப்பு பழசு, அதைக் கழற்றிவிட்டுப் புதுநிப்புப் போட்டுத் தாறன், காசு வேண்டாம், பழைய நிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுறன்” என்றாராம். காசு வேண்டாம் என்ற சொல்லே பிள்ளைக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. வீட்டுக்கு வந்து எனக்கு எழுதினார், கொடுக்கலாமா, கொடுக்கக்கூடாதா?

கொடுக்காதேயுங்கள், பிள்ளை, என்று அன்றே மறுமொழி எழுதினேன். காரணங்களையும் எழுதினேன், அவை பலருக்கும் பயன்படும் ஆதலால் இங்கே தருகின்றேன்.

அந்த நிப்பிலே 14 என்ற எண் பொறித்திருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். அது 14 கரட் பொன். காசு வேண்டாம் என்றவரின் தாராளம் அங்கே இருந்து வந்தது. பொன்னின் விலையைக்கூட ஒருபுறம் வைப்போம். நிப்பின் நுனியிலே பொன் இல்லை. தேயாத வன்மையான உலோகமணி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். தேயாதது என்று சொன்னாலும், முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவரே எழுதினால் அவர் கைச்சாய்வுக்கு ஏற்ப அது மெல்லத் தேய்ந்து ஒரு முகம் கொள்ளும். அதை எடுத்துவிட்டால் பாட்டனார் எழுதிய பேனை போய்விட்டது. மிச்சம் அவர் வைத்திருந்த குழாய் மட்டுமே.

அடுத்தது மினுக்குதல். எபனைற்று ஏன் நிறம் மாறுகிறது? மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஒளியும் ஈரமும் பட்டு மாற்றமடைந்து அமிலமாகின்றது. அத்தோடு இறப்பரின் மேல்தோலும் பழுத்துப் பழுப்பாகின்றது. இது மிக மெல்லிய தோல். உள்ளே கருமை அப்படியே இருக்கும். ஆகவே தேய்த்தெடுத்தாற் கறுப்பு வரும் என்று திருத்துநர் சொன்னது பொய்யன்று. ஆனால் அலைக்கோடுகளும் பெயரெழுத்துக்களும் அதைவிட ஆழமானவையா? அவையும் மேற்றோலிலேயே உள்ளன. மினுக்குஞ் சில்லிலே பிடித்தால் பழுப்போடு அவையும் போகும். வழுவழுப்பான, கறுத்த, பெயரற்ற ஒரு பேனை கைக்கு வரும்.

நெம்பையும் வலிந்து இழுக்கவேண்டாம் என்று எழுதினேன். உள்ளே இருக்கும் மைப்பை மென்மையான இறப்பரால் ஆனது. பல்லாண்டு கிடந்தபின் அது கல்லாய் இறுகிவிடும். அதன்மேல் நெம்பை அழுத்தினால் உடைவது நெம்பே. மைப்பை மலிவான பொருள். விவரமறிந்தவர் கழுத்தை மெல்லக் கழற்றி மாற்றிவிடுவர்.

தண்ணீரைப் பற்றியும் எச்சரித்தேன். காய்ந்த மையைப் போக்கவென்று முழுப்பேனையையும் வெந்நீரில் ஊறவைப்பார் பலர். பழைய எபனைற்றை ஒரே இரவிற் பாழாக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை; கறுப்பாய் இருந்ததும் காலையிற் பழுப்பாய் வெளிவரும். கொதிநீராயின் உடல் இளகி வளைந்தும் போகும். பச்சைத்தண்ணீரில், நிப்பும் நாக்கும் மட்டும் அமிழும்படி, சிறிது நேரம் வைத்து எடுத்து, மறுபடியும் புதுத்தண்ணீரில் வைத்து எடுக்கவேண்டும். உடலுக்கு ஈரத்துணி ஒன்றால் துடைத்து உடனே உலர்த்துதல் போதும்.

இரண்டு மாதங்கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அறிந்த ஒருவர் மூலம் மைப்பை மாற்றப்பட்டதாம். பழுப்பு பழுப்பாகவே இருக்கிறதாம், எழுத்துக்களும் இருக்கின்றனவாம். ஆனால் பேனை கீறுகிறது, காகிதத்திலே கரகரவென்று இழுபடுகிறது என்று முதலில் வருந்தினாராம். பின்னர் ஒருநாள், அம்மப்பா பேனையை மிகவும் சாய்த்து, சற்று இடப்புறம் திருப்பிப் பிடித்து எழுதுவது அவர் நினைவுக்கு வந்திருக்கிறது. அவ்வாறே பிடித்து எழுதினாராம். உடனே நிப்பு எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடிற்று என்று எழுதியிருந்தார். அக்கடிதத்தின் முதற் பக்கமும் இரண்டாம் பக்கமும் இரு வேறு கைகள் எழுதியவைபோல் இருந்தன.

நிப்பின் நுனியைத் தம் கைக்கு ஏற்பத் தேய்த்து மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். தேய்க்கலாம், தேய்ப்போரும் உளர். ஆனால் தேய்த்ததைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. அவர் கேட்டது அறிவுரை அன்று, தம்முடைய முடிவுக்கு ஒரு துணை என்று எனக்குப் பட்டது. வகுப்புக்கு எழுத இன்னொரு பேனை வாங்குங்கள். இதனை வீட்டுக் கடிதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன்.

பராமரிப்பிலே சொல்ல எஞ்சியவை சிலவே. எபனைற்றுப் பேனையை யன்னலோரத்து வெயிலிலோ, மூடிய வாகனத்துள்ளோ வைக்கலாகாது. மேசை இலாச்சியே அதற்குரிய இடம். வெள்ளிப் பொருள்களோடு ஒரே பெட்டியில் வைத்தால் கந்தகத்தால் வெள்ளி கறுக்கும். தேங்காயெண்ணெய் தடவினாற் கறுப்புத் திரும்புமென்பது பலர் சொல்லும் கைவைத்தியம். ஒருநாள் பளபளக்கும், பின்பு பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். நாள்தோறும் எழுதுவதும் எழுதியபின் மென்துணியால் துடைப்பதும் போதுமானவை.

ஓவியர் பயன்படுத்தும் இந்தியன் மை எனப்படும் கரிமையை எந்த ஊற்றுப்பேனையிலும் விடவேண்டாம். அதிலுள்ள அரக்கு நாக்கின் நுண்வாய்க்காலிற் காய்ந்து அடைத்துவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண நீல மையே எபனைற்றுக்கு இசைவானது. எந்த மை கொப்பித்தாளிலே ஊறும், எது பல ஆண்டு நிலைக்கும், எதனை நனைந்த கைபட்டாலும் அழியாது என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கின்றனர். அது தனியே எழுத வேண்டிய சங்கதி. அடுத்த ஞாயிறு மைக்கூட்டோடு வருகின்றேன்.